ஒரு நலம் விரும்பியின் கட்டுரை

இன்று காலை பேப்பரைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஒரு ரோஸ் நிற நோட்டீஸ் விழுந்தது. மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் அந்த மலிவு மை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது போல. எங்கள் தெருமுனை வேப்பமரத்தை வெட்ட வேண்டுமாம், அதற்காகக் குடியிருப்போர் சார்பில் ஒரு வேண்டுகோள். முதல் வரியே இப்படி: "நாங்கள் யாருக்கும் எதிரிகள் அல்லர்." மரத்தை வெட்டட்டும், விடட்டும், அது வேறு பஞ்சாயத்து. எனக்கு அந்த வரியைப் பார்த்ததும் உன் முகம் வந்துவிட்டது. ஒருவர் எடுத்த எடுப்பிலேயே நான் எதிரி இல்லை என்று சொன்னால், அவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று எட்டிப் பார் என்பாய். காப்பி ஆறிப்போய்விட்டது.

உனக்கு எழுதுவது சுலபமில்லை. செத்துப்போனவர்களுக்கு எழுதும்போது நான்கு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். "உன்னைப் போல ஒருத்தி உண்டா" என்று ஆரம்பித்தால், "எத்தனை பேரைப் பார்த்துட்டுச் சொல்ற?" என்று நீ கேட்பாய். ஆகவே புகழப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அதிலும் என் சாய்வு கொஞ்சம் கலந்துதான் இருக்கும், கழித்துக்கொள்.

எண்பதுகளின் தொடக்கம். நான் விழுப்புரத்திலிருந்து வருவேன், நீ திண்டிவனத்திலிருந்து வருவாய். எதிரெதிர் பஸ்ஸில் வந்து கூட்டேரிப்பட்டில் இறங்கி, அங்கிருந்து நாம் டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு மண்ரோட்டில் ஒன்றாக நடப்போம். நீ உன் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேப்பர் வாங்குவாய், நான் என் ஊரில் வேறொன்று. உன் பேப்பர் ஆளுங்கட்சிக்குச் சாயும், என் பேப்பர் எதிர்க்கட்சிக்குச் சாயும். நடக்கும்போதே ஒரே செய்தியை இரண்டிலும் படித்துப் பார்ப்பது நம் பழக்கம். ஒன்றில் "மக்கள் வெள்ளம்" என்று இருக்கும், மற்றதில் "காலி நாற்காலிகள்" என்று இருக்கும். கூட்டம் ஒன்றுதான், மைதானமும் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு கூட்டம் நடந்திருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொண்டு நீ அடுத்த செய்திக்குப் போவாய்.

உன் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்துவது போலவே பேப்பரையும் திருத்துவாய். "கருதப்படுகிறது" என்று வந்தால் அதன் கீழே கோடு.

"யாரு கருதினாங்க? ஆளே இல்லாம கருத்து மட்டும் தனியா நடந்து வருமா?" என்பாய்.

ஒரு பெரிய மனிதரின் தலையங்கத்துக்கு ஒருமுறை முப்பத்தைந்து மார்க் போட்டாய். "தமிழுக்காகப் போட்டேன், விஷயத்துக்கு முட்டைதான்" என்றாய். கூந்தல் தைல விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி, "இந்தப் பொண்ணுக்குத் தைலத்துக்கு முன்னாடி முடி இல்லைன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாய். அதற்குள் நான் அந்தத் தைலத்தை வாங்கித் தடவ ஆரம்பித்திருந்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை.

நீங்கள் ஜைனக் குடும்பம். தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பீர்கள். வாக்கியங்களையும் நீ அப்படித்தான் குடித்தாய். தரகர் வந்து "பையன் தங்கம்" என்றால், "உரசிப் பாத்தீங்களா?" என்று உள்ளேயிருந்து உன் குரல் கேட்குமாம். உன் அம்மா என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். கடைசியில் நீயே விசாரித்து ஒருவரைக் கட்டிக்கொண்டாய். அந்த நல்ல மனிதரையும் கடைசிவரை நீ முழுசாக நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.

நாம் மண்ரோட்டில் நடந்த அந்தக் காலத்தில்தான் பள்ளிக்கூடங்களுக்குச் சத்துணவு வந்தது. நம் பள்ளியில் சமைக்க வந்தவள் அந்தோணியம்மா. காலனிப் பெண். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அதற்கு முன்பு கடலைக்காட்டில் மல்லாட்டை பறிக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள், அதுவும் பருவத்துக்குத்தான். மாதாமாதம் கைக்கு வரும் சம்பளம் என்று அவள் வாழ்க்கையில் வந்தது அதுதான் முதல் தடவை. ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அவளை வா, போ என்றுதான் கூப்பிடும். நீ மட்டும் வாங்க, போங்க என்பாய். அதற்கே ஊரில் நான்கு பேர் உன்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சில வாரங்கள் போன பிறகு உன் வகுப்புப் பையன் பாலு ஒரு நாள் மதிய இடைவேளை முடிந்து வந்து உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தான். நீ முகத்தைக் கழுவிவிட்டுப் படுக்க வைத்தாய். மறுநாள் அவன் வந்து குதித்துக்கொண்டிருந்தான். நாம் அதை மறந்தே போனோம்.

அடுத்த வாரம் திண்டிவனத்திலிருந்து வரும் ஒரு வார ஏட்டில் அந்தக் கட்டுரை வந்தது. நம் தலைமையாசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நமக்காகவே காத்திருந்தார். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஓய்வு பெற வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே லட்சியம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"நாங்கள் யாருக்கும் எதிரிகள் அல்லர். ஏழைகளின் கண்ணீரைத் துடைக்கும் இத்திட்டத்தை இருகரம் கூப்பி வரவேற்கிறோம். நமது வட்டாரப் பள்ளி ஒன்றில், கணவனை இழந்து, புகையில் கண் கலங்கி, அடுப்படியில் வெந்துகொண்டிருக்கும் அந்த ஏழைத் தாயை நினைத்தால் நெஞ்சம் விம்முகிறது. அண்மையில் ஒரு பிஞ்சுக் குழந்தை மதிய உணவு வேளைக்குப் பின் வாந்தி எடுத்துத் துவண்டது. யாரையும் நாங்கள் குறை கூறவில்லை. ஆயினும் பெற்றோர் மத்தியில் ஒரு கவலை நிலவுகிறது. இன்று வாந்தி. நாளை? நமக்குப் பிள்ளைகளின் உயிர் முக்கியமா, ஒருவரின் வேலை முக்கியமா? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். அந்தத் தாய்க்குப் புகையில்லாத இலகுவான பணி ஒன்றைத் தந்து, அடுப்படிப் பொறுப்பை உரியவர்களிடம் ஒப்படைத்தால் இரு தரப்பும் மகிழும்." கீழே பெயர் இல்லை. "ஒரு நலம் விரும்பி" என்று மட்டும் இருந்தது.

"என்னா தமிழ் பாருங்க டீச்சர்! படிச்சா கண்ணுல தண்ணி வருது" என்றார்.

"யாருக்கு சார்?" என்று நீ கேட்டாய்.

அவர் அதைக் காதில் வாங்காதது போல ஏட்டை மடித்தார். நீ கையை நீட்டி வாங்கிக்கொண்டாய். வகுப்பறைக்கு வந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாய். "கவலை நிலவுகிறது" என்பதன் கீழே ஒரு கோடு. "வேளைக்குப் பின்" என்பதன் கீழே ஒரு கோடு. "சாப்பாட்டாலன்னு எங்கயும் சொல்லல பாரு. சாப்பாட்டுக்கு அப்புறம்னு மட்டும் சொல்லிட்டு நம்பளயே சேர்த்துப் படிக்க வெச்சுட்டான். நாளைக்கி கேட்டா நான் அப்படிச் சொல்லலையேன்னு கை கழுவிக்கலாம்" என்றாய். உயிரா வேலையா என்ற வரிக்கு இரண்டு கோடு. "ரெண்டும் இருந்தா என்னாவாம்?" பிறகு "உரியவர்களிடம்" என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். உரியவர்கள் யார் என்பது நம் இருவருக்கும் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அதை எழுத வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

இலகுவான பணி என்ன என்று தலைமையாசிரியரைக் கேட்டோம். பெருக்குவது, தண்ணீர் எடுத்து வைப்பது என்றார். அப்படி ஒரு வேலைக்குச் சம்பளம் உண்டா, யார் ஆர்டர் போடுவார்கள் என்று நீ கேட்டாய். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார். அப்படி ஒரு வேலையே நம் பள்ளியில் கிடையாது. அடுப்படியை விட்டு இறங்கினால் அந்தோணியம்மாவுக்கு மறுபடியும் மல்லாட்டைக் காடுதான்.

இதைச் சொல்வதற்காக அடுப்படிக் கொட்டகைக்குப் போனோம். அவள் முகத்தை அவ்வளவு மலர்ச்சியாக நான் அதுவரை பார்த்ததில்லை. பெரிய மகள் கட்டுரையைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"கத்தரிச்சு மாதா படத்துக்குப் பக்கத்துல ஒட்டிக்கிறேன் டீச்சர். எங்க ஆளுங்களப் பத்தி பேப்பர்ல வந்தா சண்டை, போலீசுன்னுதான் வரும். என்னைத் தாய்னு போட்டுக்கிறாங்க" என்றாள்.

திரும்பிவிடலாம் என்று நான் உன் கையைத் தொட்டேன். நீ விடவில்லை. "புகை ஒத்துக்கலைன்னு யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? ஊட்டுலயும் வெறகுதான எரியுது."

"அதுல அப்படித்தான் போட்டுக்குது."

"எரக்கப்பட்டு போட்டுக்கிறாங்க."

"எரக்கப்பட்டவங்க ஏன் பேரு போடல?"

அவள் கரண்டியைச் சட்டியின் மேல் வைத்தாள். "உங்களுக்கு எதையுமே நல்லதா பாக்கத் தெரியாதா டீச்சர்? ஒருத்தர் வாயைத் தொறந்து நல்ல வார்த்தை சொன்னா அதுலயும் கல்லு பொறுக்கணுமா? வெள்ளிக்கெழம ஆபீசரு வராராம். வேற வேலை குடுங்கன்னு நானே அவருகிட்ட கேக்கணுமாம். தலைவரு சொல்லியனுப்பினாரு. சரின்னுட்டேன். போங்க டீச்சர், சோறு கொழையுது."

ஊராட்சித் தலைவர் அவளிடம் அதுவரை நேரடியாக ஒரு வார்த்தை பேசியவரில்லை. இப்போது ஆள் விட்டு நலம் விசாரித்திருக்கிறார். அதன் பிறகு அன்று முழுக்க உன் பென்சில் பையை விட்டு வெளியே வரவில்லை. உனக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். வலிக்கவில்லை என்று நீ சாதிப்பாய், சாதித்துக்கொள்.

நான் அன்றிரவே ஒரு மறுப்பு எழுதினேன். பள்ளி ஆண்டுவிழாவுக்கு வரவேற்புரை எழுதிக் கொடுக்கிறவள் இல்லையா, கை சும்மா இருக்குமா? "ஈவிரக்கமற்ற கயவர்களே!" என்று ஆரம்பித்து, தாய்மை, பசி, பாலகர் என்று மூன்று பக்கம். மறுநாள் மண்ரோட்டில் நின்றுகொண்டே படித்தாய். பென்சிலை எடுத்தாய். எனக்குச் சுரீரென்றது.

"கயவர்கள்னு திட்டிட்டா அவங்க எழுதினது பொய்யாயிடுமா? அவங்க நெஞ்சம் விம்முதுன்னு எழுதினாங்க, நீ நெஞ்சம் கொதிக்குதுன்னு எழுதிக்கிற. மூணு பக்கத்துல அந்தப் பையன் ஏன் வாந்தி எடுத்தான்னு ஒரு வரி இருக்குதா?"

"அது முக்கியமா இப்ப?"

"அது ஒண்ணுதான் முக்கியம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சற்றுத் தூரம் நடந்த பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாய். "அந்தக் கட்டுரையை நீ எழுதலையே? இல்லப்பா, நெஞ்சம் விம்முகிறதுன்னு நம்ப வட்டாரத்துல நீதான் எழுதுவ." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று மதியம் வரை உன்னோடு பேசவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் நீ அன்று விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாய்.

மதியம் நீ மறுபடியும் கொட்டகைக்குப் போனாய். பருப்பு எப்போது வந்தது, எண்ணெய் எந்த டின், பாலு வாந்தி எடுத்த அன்று என்ன குழம்பு என்று கேட்டாய். அந்தோணியம்மா பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் உன்னைப் பிடித்து இழுத்து வந்தேன். "நீ யாரு பக்கம்பா?"

"பக்கம் அப்புறம் சொல்றேன். அவங்க சாம்பார்தான் காரணம்னா அதையும் நான்தான் போய்ச் சொல்லணும். விசாரிக்காம நல்லவங்கன்னு சொல்றதுக்கும் அந்தக் கட்டுரைக்கும் என்னா வித்தியாசம்?"

எனக்கு அப்போது அது அநியாயமாகப் பட்டது. ஒருத்தியின் பிழைப்பு போகப்போகிறது, இவள் பருப்பைச் சோதிக்கிறாளே என்று நினைத்தேன். ஆனாலும் சாயங்காலம் நீ பாலு வீட்டுக்குக் கிளம்பியபோது உன் பின்னாலேயே வந்தேன். உன்னைத் தனியாக விட்டால் அங்கேயும் யாரையாவது சீண்டிவிட்டு வருவாய் என்ற பயம்தான்.

பாலுவின் அம்மா வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். நமக்கும் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாய்.

"அவனுக்கு இன்னா டீச்சர், கல்லு மாதிரிக்கிறான். அன்னிக்கி ஊட்டுக்கு வந்து கூழ் குடிச்சுட்டு, பச்சை மல்லாட்டையை வாரி வாரித் துன்னுக்கினே ஓடினான். அதான் ஒத்துக்கல."

"அப்ப பள்ளிக்கூடத்துச் சாப்பாடு?"

"அய்ய! எம்புள்ள அங்க கை நனைப்பானா? மணி அடிச்சா ஊட்டுக்கு ஓடியாந்துருவான். எந்நாளும் அப்டித்தான். நாங்க உட்ருவமா?" தலையைச் சற்று நிமிர்த்திப் பெருமையாகத்தான் சொன்னார்.

"பேப்பர்ல வேற மாதிரி போட்டுக்குதே."

"அத யாரு எழுதனாங்களோ. பெரியவங்க சமாச்சாரம், நம்பளுக்கு இன்னா தெரியும்?" என்றவர், உன்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் டீச்சர், நீங்களுந்தான் டிபன் பாக்ஸுல கொண்டாறீங்க. நீங்க அங்க சாப்புடறீங்களா?"

நான் அவசரமாக வாயைத் திறந்தேன். "அவங்க சைவம், வெளியில எங்கயும் சாப்பிட மாட்டாங்க. அது வேற, இது வேற." நீ மல்லாட்டையைக் கையிலேயே வைத்திருந்தாய்.

திரும்பி வரும் வழியில் நான் துள்ளாத குறை. பையன் அந்தச் சாப்பாட்டைத் தொடவே இல்லை! நாம் இருவரும் மதிய வேளையில் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நம் டப்பாவைத் திறந்துவிடுவோம். பந்தியில் யார் உட்காருகிறார்கள், யார் வீட்டுக்கு ஓடுகிறார்கள் என்று பார்த்ததே இல்லை. அதனால்தான் இந்த எளிய விஷயம் நமக்குத் தெரியாமல் போயிருக்கிறது. நீயோ வேறு எங்கேயோ இருந்தாய்.

"அவங்க கேட்டது பதில் இல்ல. நான் சாப்பிடாததால அவங்க செய்யறது சரின்னு ஆயிடாது. வாதமா பாத்தா அது நிக்காது. ஆனா கேட்டது உண்மைதானே?"

"நீங்கதான் வெளிய சாப்பிட மாட்டீங்களே."

"சாம்பார் சாதத்துல அசைவம் எங்க இருக்குது?"

நான் பஸ் வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றிய அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். பெரிய வகுப்பில் பெஞ்சுகளை ஓரங்கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவர், அவரோடு ஊரார் சிலர், சுவரோரமாகப் பெண்கள், கதவருகே அந்தோணியம்மா. நீ முதல் நாளே தலைமையாசிரியரிடம் பாலு விஷயத்தைச் சொல்லியிருந்தாய். "சபையில அதைக் கெளப்பாதீங்கம்மா, பேஜாராயிடும்" என்று கெஞ்சியிருந்தார். அவர் கட்டுரையை எடுத்து மறுபடியும் படித்தார். "நெஞ்சம் விம்முகிறது" என்ற இடத்தில் குரல் விம்மியது. அதிகாரி தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

நீ எழுந்தாய். கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், வாந்தி எடுத்த பையனோட அம்மா வந்திருக்காங்க. அன்னிக்கு அவன் இங்க என்ன சாப்பிட்டான்னு அவங்களையே கேட்டுடலாமே."

தலைவர் உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பாலுவின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். தலைவரைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், பின்னால் இருந்த தன் சொந்தக்காரப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். சாப்பிட்டான் என்று சொன்னால் கட்டுரை சொன்னது உண்மையாகும், ஆனால் அந்தப் பெண்கள் நாளைக்குத் தெருவில் கேட்பார்கள். அவர் அதிகாரிக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர்களுக்குத்தான் சொன்னார்.

"எம்புள்ள ஒரு நாளும் இங்க கை நனைச்சதில்ல சார். காலனிக்காரி ஆக்கனத எங்க ஊட்டுப் புள்ள துன்னாது."

சத்தமாகவே சொன்னார். அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப இந்தக் கட்டுரையை எதை வெச்சு எழுதினாங்க?" எழுதியவர் யாரென்று தெரிந்தால்தானே பதில் சொல்ல? தலைமையாசிரியர் ஏட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டே போனார்.

அதிகாரி கதவுப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வேற வேலை வேணும்னு நீ கேட்டதாச் சொன்னாங்களே?"

அந்தோணியம்மா அவரைப் பார்க்கவில்லை. பாலுவின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல சார். புகை எனக்குப் பழக்கந்தான். நானே ஆக்கறேன்" என்றாள்.

முடிந்தது. அதிகாரி ஒரு வாய் சாதம் வாங்கிப் பெயருக்கு வாயில் போட்டுக்கொண்டு "பிரமாதம்" என்றார். தட்டைத் தொடாமலே தலைமையாசிரியர் "அமிர்தம் சார், அமிர்தம்" என்றார்.

திரும்பி நடக்கும்போது நான் ஜெயித்துவிட்டோம் ஜெயித்துவிட்டோம் என்று பாடிக்கொண்டு வந்தேன். நீ கேட்டாய். "எதை வெச்சு ஜெயிச்சோம்?"

"பாலு அம்மா சொன்னதை வெச்சு."

"அதைச் சொல்ல வெச்சது யாரு? அத்தனை பேர் முன்னால, அந்தோணியம்மா காதுல விழற மாதிரி." உன் குரல் உடைந்திருந்தது. "ஆபீசர் வாந்தியைத் தள்ளிட்டாரு. அந்த வார்த்தையைத் தள்ளினாரா? தப்புன்னு ஒருத்தர் சொன்னோமா? நீ, நான்? கட்டுரையில அவங்க எழுதாத வரி அதுதான்பா. அவங்க எழுதின வரிங்களுக்கே நான் கோடு போட்டுக்கினு இருந்துட்டேன்."

வேலை நிலைத்ததே, அதைவிட என்ன வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். இன்றைக்கும் என் கட்சி அதுதான். அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் நீ அன்று சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறேன்.

கட்டுரையை எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வார ஏடு மறுப்பு எதுவும் போடவில்லை. நீ தலைமையாசிரியரைச் சந்தேகப்பட்டாய், நான் அந்த ஏட்டின் முதலாளியைச் சந்தேகப்பட்டேன். பாலுவும் இன்னும் சிலரும் மணி அடித்தால் வீட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். அடுத்த வருஷம் உன்னை மண்டகப்பட்டுப் பக்கம் மாற்றினார்கள். "நிர்வாக நலன் கருதி" என்று ஆர்டரில் இருந்தது. யாருடைய நலன் என்று நீ கேட்கவில்லை, அதற்குள் களைத்துப்போயிருந்தாய். ஆனால் அதற்கு முன்னால், விசாரணை நடந்த மறு வாரம் நடந்ததை நான் எழுதியாக வேண்டும்.

திங்கட்கிழமை நீ டிபன் பாக்ஸ் இல்லாமல் வந்தாய். வீட்டில் பெரிய ரகளை என்று உன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மணி அடித்ததும் ஒரு அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்தாய். நானும் என் டப்பாவை மூடிவிட்டு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அந்தோணியம்மா வெள்ளிக்கிழமைக் கோபத்தை இன்னும் விடவில்லை. உன் தட்டில் சோற்றைப் போட்டாள், சாம்பாரை ஊற்றினாள், அடுத்த பிள்ளைக்குப் போகாமல் கரண்டியோடு அங்கேயே நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எப்டிக்கிது டீச்சர்?"

ஒரு வாய் வைத்ததுமே எனக்கு உப்பு சுள்ளென்று ஏறியது. ரொம்ப நல்லாக்கிது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை பட்டுவிட்டாள், இதைக்கூடச் சொல்லக் கூடாதா? நீ இன்னொரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டாய். மென்றாய். யோசித்தாய். அவள் முகத்தை நேராகப் பார்த்தாய்.

"உப்பு கூட."

நான் உன் தொடையைக் கிள்ளினேன். பிள்ளைகள்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த உப்பை அவள் கை தவறிப் போட்டாளா, நம்மைச் சோதிக்கவே போட்டாளா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான். பிறகு குனிந்து, உன் தட்டில் இன்னொரு கரண்டி வெறும் சோறு வைத்தாள்.

"இத்தப் பெசைஞ்சுக்கோங்க, சரியாப் போயிடும்" என்றாள். "இந்த ஊருல சாப்புட்டுட்டுக் கொறை சொன்ன மொத ஆளு நீங்கதான் டீச்சர்."

இப்போதும் எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும், இதை எழுதியவர் ஒரு வாயாவது சாப்பிட்டாரா என்றுதான் முதலில் தேடுகிறேன்.